தந்தை தரும் நிறமும் தாய் மறைக்கும் குணமும்
(கப்பி மீன் வளர்ப்பில் ஒரு மரபியல் பாடம்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவன்

முன்னுரை

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து மரபியலுக்கு வித்திட்ட வரலாற்றை நாம் அனைவரும் பள்ளி வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நெட்டைச் செடி, குட்டைச் செடி, மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் ஆகியவற்றைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த விகிதங்களைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் காணாதவனாகத்தான் இக்கல்லூரிக்குள் நுழைந்தேன். வீட்டுப் பின்புறத்தில் இருந்த ஒரு சிமெண்டுத் தொட்டியும், அதில் நீந்திய சில கப்பி மீன்களும், ஏறத்தாழ இருபது மாதங்களில் எனக்கு அதைக் காட்டின. இடையில் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவற்றையும், அதிலிருந்து நான் கற்றதையும் சேர்த்தே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

கப்பியின் ஊரும் பேரும்

கப்பியின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி. வெனிசுலா, கயானா ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் டிரினிடாட் தீவின் மலையாறுகளிலும் இது இயற்கையாக வாழ்கிறது. வெனிசுலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு 1859-ஆம் ஆண்டில் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை முதன்முதலில் விவரித்தார். டிரினிடாட்டில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இம்மீன்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். அங்கிருந்த குந்தர் என்பவர் 1866-இல் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். பீட்டர்ஸ் விவரித்த மீனும் இதுவும் ஒன்றே எனப் பின்னர் தெரிந்ததால் குந்தர் இட்ட பெயர் அறிவியலில் நிலைக்கவில்லை. ஆயினும் மக்கள் வழக்கில் அது 'கப்பி' என்று நிலைத்துவிட்டது. பழைய நூல்களில் 'லெபிஸ்டெஸ் ரெட்டிகுலேட்டஸ்' எனக் காணப்படும் இதன் அறிவியற் பெயர் இன்று 'பொசிலியா ரெட்டிகுலேட்டா' என்பதாகும்.

கொசுப்புழுவை உண்ணும் மீன் என்பதால் இது உலகின் பல வெப்ப நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. நம் நாட்டிலும் மலேரியா, டெங்கு ஆகியவற்றைப் பரப்பும் கொசுக்களைக் கட்டுப்படுத்தத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் விடப்படுகிறது. அழகுக்காக வளர்க்கப்படும் கப்பியோ வேறு கதை. அகன்ற வாலும் பல வண்ணமும் கொண்ட இந்த வகைகள் மனிதன் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து உருவாக்கியவை. சென்னையிலுள்ள கொளத்தூர் இன்று அலங்கார மீன் வளர்ப்புக்கும் வாணிபத்துக்கும் பெயர் பெற்றிருப்பதைப் பலரும் அறிவர்.

உடலமைப்பும் இனப்பெருக்கமும்

காட்டுக் கப்பியில் ஆண் சிறியது. ஏறத்தாழ 3 செ.மீ. நீளமே இருக்கும். உடலில் கருப்பு, ஆரஞ்சு, நீலப் புள்ளிகள் விரவியிருக்கும். பெண் அதைவிடப் பெரியது. ஆனால் சாம்பல் நிறமே உடையது. ஆணின் மலத்துடுப்பு நீண்டு ஒரு குழல் போல மாறியிருக்கும். கோனோபோடியம் எனப்படும் இவ்வுறுப்பின் வழியே ஆண் தன் விந்தணுக்களைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துகிறது. கருவுறுதல் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெண் மீன் குட்டிகளை ஈனுகிறது. ஓர் ஈற்றில் இருபது முதல் அறுபது குட்டிகள் வரை கிடைக்கலாம். ஈன்ற குட்டிகளையே தாய் தின்றுவிடும் வழக்கமும் உண்டாதலால் தொட்டியில் பாசியையோ நீர்ச்செடியையோ அடர்த்தியாக இடுவது நன்று.

வளர்ப்போர் மறக்கக் கூடாத செய்தி ஒன்று இங்கே உள்ளது. பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் வரை தன் உடலில் சேமித்து வைக்க வல்லது. ஆணே இல்லாத தொட்டியிலும் அது அடுத்தடுத்துக் குட்டி ஈனும். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று தந்தையரின் குட்டிகள் கலந்திருப்பதும் உண்டு. இச்செய்தியை அறியாமல் கப்பி வளர்க்க இறங்கியதுதான் நான் செய்த முதல் பிழை.

நான் செய்த தவறு

முதலாண்டில் சேர்ந்த புதிதில், நகரத்துக் கடை ஒன்றில் அறுபது ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். ஆண், பாம்புத்தோல் போன்ற நெளிகோடுகள் உடல் முழுதும் படர்ந்த வகை. வாலோ விசிறி போல் விரிந்து நீலம் பாய்ந்திருந்தது. பெண் சாதாரணமாக இருந்தது. அடுத்த மாதமே குட்டிகள் கிடைத்தன. வளர்ந்த பின் பார்த்தால் ஆண்களில் ஐந்து மட்டுமே பாம்புத்தோல். மற்றவை சிவப்பும் மஞ்சளுமாகப் பலவகை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வைதுகொண்டே அந்த ஐந்தையும் வளர்த்தேன்.

தேர்வுக் கட்டணம் கட்டும் காலம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தந்தையார் கூலி வேலைக்குச் செல்பவர். அன்னை நான்கு வெள்ளாடுகள் வளர்க்கிறார். அவர்களிடம் கேட்க மனமின்றி, அந்த ஐந்து ஆண்களுடன் பொதுத் தொட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த ஐந்து பெண்களைச் சேர்த்து, ஜோடி நாற்பது ரூபாய் என விற்றேன். பெண் மீன்தானே, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இரண்டு மாதம் கழித்து எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் கண்ணாடிப் பாட்டிலில் சில மீன்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, நீங்க குடுத்த மீனு போட்ட குட்டியில பாதிகூட அப்பன் மாதிரி இல்லண்ணா. நான் உண்டியல உடச்சு வாங்கினேன்" என்றான்.

என்னிடம் மறுமொழி இல்லை. கடைக்காரரை எதற்காக நான் வைதேனோ, அதையே நானும் ஒரு சிறுவனுக்குச் செய்திருந்தேன். கடைக்காரரும் என்னைப் போல் அறியாமல் செய்திருக்கக்கூடும். அவன் போன பின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். விவரம் கேட்ட என் அன்னை, ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே சொன்னார்: "கெடா மட்டும் நல்லா இருந்தாப் போதுமாடா? தாயாடு எப்படின்னு பாக்காமக் குட்டியப் பத்திப் பேசுறியே."

எழுதப் படிக்கத் தெரியாத என் அன்னை சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு விளக்கவுரையாகத்தான் அந்தப் பருவத்தில் தொடங்கிய மரபியல் வகுப்பு எனக்கு அமைந்தது.

ஒய் குரோமோசோமின் கதை

கப்பியின் உடற்செல்லில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள் உள்ளன. அவற்றுள் ஓர் இணை பால் குரோமோசோம்கள். நம்மைப் போலவே பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய்.

கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யோகானஸ் ஷ்மிட் என்பவர் விலாங்கு மீன்கள் முட்டையிடும் இடம் சர்காசோ கடல் எனக் கண்டறிந்து புகழ் பெற்றவர். அவர் கப்பியையும் ஆராய்ந்தார். சில ஆண்களின் முதுகுத்துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அப்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் மட்டுமே சென்றது. மகள் வழியாக ஒருபோதும் செல்லவில்லை. இம்முடிவை அவர் 1920-இல் வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து ஓய்வின் விங்கே என்பவர் ஆராய்ந்து, அப்புள்ளிக்குரிய மரபணு ஒய் குரோமோசோமில் உள்ளது என 1922-இல் விளக்கினார். 1927-இல் பதினெட்டு மரபணுக்கள் இருக்கும் இடத்தை அவர் குறித்துக் காட்டினார். அவற்றுள் சில ஒய் குரோமோசோமிலும், சில எக்ஸ் குரோமோசோமிலும் இருந்தன. எக்ஸ், ஒய் இரண்டுக்கும் இடையே அரிதாகக் குறுக்கெதிர் மாற்றம் நிகழ்ந்து மரபணு இடம் மாறுவதையும் அவரே கண்டார்.

பாம்புத்தோல் கோலத்துக்குரிய மரபணு ஒய் குரோமோசோமில் இருப்பதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாங், பெர்னாண்டோ முதலிய ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டனர். அவர்களே 1991-இல் பச்சை வால், நீல வால் ஆகிய நிறங்களுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன எனக் காட்டினர்.

இதன் பொருளைச் சற்றே சிந்திப்போம். மகன் தன் ஒய் குரோமோசோமைத் தந்தையிடமிருந்து பெறுகிறான். ஆனால் தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான். ஆகவே பாம்புத்தோல் உடல் வேண்டுமானால் தந்தையைப் பார்க்க வேண்டும். நீல வால் வேண்டுமானால் தாயைப் பார்க்க வேண்டும். தாயோ வெளித்தோற்றத்தில் சாம்பல் நிறத்தவள். அவள் நிறத்தைச் சுமக்கிறாள், ஆனால் காட்டுவதில்லை. பெண் கப்பிக்கு ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தால் மறைந்திருந்த நிறங்கள் அதன் உடலில் வெளிப்படுகின்றன. நிறத்துக்குரிய மரபணு அதற்குள் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அவ்வாறு மருந்திட்ட மீன் பின்னர் இனப்பெருக்கத்துக்குப் பயன்படாமற் போகக்கூடும். எனவே வளர்ப்போர் அவ்வழியை நாடுதல் தகாது.

அடிநிறம்

மேலே கூறிய கோலங்கள் ஒரு சுவரின் மீது தீட்டிய சித்திரம் போன்றவை. சுவருக்கே ஒரு நிறம் உண்டு. அதுவே அடிநிறம். காட்டுக் கப்பியின் அடிநிறம் சாம்பல். பொன்னிறம், வெளிர்நிறம், அல்பினோ எனப் பிற அடிநிறங்களும் உள்ளன. இவை பால் குரோமோசோமில் அன்றி உடற்குரோமோசோம்களில் உள்ள ஒடுங்கு மரபணுக்களால் அமைகின்றன. ஆகவே மெண்டலின் விதி இங்கு அப்படியே பொருந்துகிறது.

சாம்பலுக்குரிய ஓங்கு மரபணுவைக் 'க' எனவும், பொன்னிறத்துக்குரிய ஒடுங்கு மரபணுவைத் 'த' எனவும் கொள்வோம். தூய சாம்பல் (கக) மீனையும் பொன்னிற (தத) மீனையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் 'கத' ஆகும். அனைத்தும் சாம்பலாகவே தோன்றும். இங்கேதான் அறியாதவர் மனமுடைந்து மீன்களைத் தூக்கிப் போடுகின்றனர். அவ்வாறு செய்யலாகாது. அவற்றையே தமக்குள் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்று பொன்னிறமாக வெளிவரும். பொன்னிறமும் வெளிர்நிறமும் ஆகிய இரண்டு ஒடுங்கு பண்புகளும் ஒருசேர அமைந்த மீன் வேண்டுமெனில், அது இரண்டாம் தலைமுறையில் பதினாறில் ஒன்றாகத்தான் கிடைக்கும்.

பதினாறு குட்டிகளை வளர்த்தால் ஒன்று உறுதி எனக் கருதிவிடக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னும் அளவுக்கு நம்பிக்கை வேண்டுமானால், நான்கில் ஒன்று வரும் பண்புக்கு 11 குட்டிகளும், பதினாறில் ஒன்று வரும் பண்புக்கு 47 குட்டிகளும் வளர்க்க வேண்டும் எனக் கணக்கிட்டு அறியலாம். எத்தனை தொட்டி தேவை என்பதை இக்கணக்கே கூறிவிடும்.

துடுப்பும் வாலும்

வாலின் வடிவத்தைக் கொண்டு கப்பிகளுக்கு முக்கோண வால், விசிறி வால், வட்ட வால், ஊசி வால், யாழ் வால், ஒற்றை வாள், இரட்டை வாள் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இரட்டை வாள் போன்ற சில வடிவங்கள் ஒய் குரோமோசோமின் வழியே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றன. ஆனால் முக்கோண வாலின் அகலம் ஒரே மரபணுவின் செயலன்று. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூடி அதனை அமைக்கின்றன. நம் உயரத்தைப் போல இதுவும் அளவுப் பண்பு. இங்கே மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் கிடையாது. தலைமுறைதோறும் சிறந்ததைத் தெரிந்தெடுத்து ஏணியில் படிப்படியாக ஏற வேண்டும். உணவு, நீரின் தூய்மை, தொட்டியின் நெரிசல் ஆகியனவும் வாலின் வளர்ச்சியைப் பாதிக்கும். பட்டினி கிடந்த நல்ல சாதி மீனை மட்டமெனக் கழித்துவிடும் ஆபத்தும் இதனால் உண்டு.

பெண்ணின் வாலும் இங்கே துணை செய்யும். நிறம் காட்டாத பெண்ணும் வாலின் அகலத்தையும் அடித்தண்டின் பருமனையும் ஓரளவு காட்டும். அகன்ற, ஓரம் நேரான வாலுடைய பெரிய பெண்களையே தாயாகக் கொள்ள வேண்டும்.

'ரிப்பன்' என்னும் வகை வியப்புக்குரியது. அதில் எல்லாத் துடுப்புகளும் நாடா போல் நீண்டு தொங்கும். ஆணின் கோனோபோடியமும் அவ்வாறே நீண்டுவிடுவதால் அதனால் இணைசேர இயலாது. அப்படியானால் அவ்வினம் எவ்வாறு தொடர்கிறது? ரிப்பன் பெண்ணையும், அதே குடும்பத்தில் பிறந்த சாதாரணத் துடுப்புடைய ஆணையும் கலக்கின்றனர். குட்டிகளில் ஏறத்தாழப் பாதி ரிப்பனாக அமைகிறது. அழகில் முதலிடம் பெறும் ஆண் தந்தையாவதில்லை என்பது எண்ணத்தக்கது.

மீண்டும் தொடங்கிய கலப்பு

இவற்றையெல்லாம் படித்தபின் முறையாகத் தொடங்கினேன். கடையில் வாங்கிய அந்த ஆண் இன்னும் உயிரோடிருந்தது. எங்கள் வீட்டு நீர்த்தொட்டியில் கொசுவுக்காக விட்டிருந்த சாதாரணக் கப்பியின் குட்டிகளை மூன்று வாரத்திலேயே பால் பிரித்தேன். பெண் குட்டியின் வயிற்றில் மலத்துடுப்பின் அருகே கருநிறக் கர்ப்பப்புள்ளி தோன்றும். ஆணின் மலத்துடுப்பு கூர்மையாகத் தொடங்கும். இவ்விரண்டும் அடையாளம். இவ்வாறு ஆண் வாடையே படாமல் வளர்ந்த கன்னிமீன்களை மூன்று மாதமானதும் அந்த ஆணுடன் சேர்த்தேன்.

முதல் தலைமுறை ஆண்கள் ஒன்று விடாமல் பாம்புத்தோல் உடையனவாக இருந்தன. ஆனால் எதற்கும் நீல வால் இல்லை, வாலும் குறுகல். விதி கூறியபடியே, ஒய் தந்தையிடமிருந்து வந்தது, எக்ஸ் சாதாரணத் தாயிடமிருந்து வந்தது. அப்படியானால் தந்தையின் நீல வால் எங்கே போயிற்று? அவனுடைய எக்ஸ் குரோமோசோமோடு மகள்களிடம் போயிற்று.

எனவே அம்மகள்களைத் தந்தையோடு பிற்கலப்புச் செய்தேன். அவள் ஒவ்வொருத்திக்கும் இரண்டு எக்ஸ்: ஒன்று நீல வாலுடையது, மற்றொன்று சாதாரணம். எனவே ஆண் குட்டிகளில் பாதிக்கு நீல வால் வர வேண்டும். வளர்ந்து நின்ற ஆண்கள் பதினேழு. மும்முறை எண்ணினேன். எட்டுக்கு நீல வால்; ஒன்பதுக்கு இல்லை. பதினேழும் பாம்புத்தோல். புத்தகத்தில் படித்த விதி எங்கள் வீட்டுத் தொட்டியில் நீந்துவதைக் கண்ட அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எழுத இயலாது.

தாயை மகனால் அறிதல்

இன்னும் ஒரு தடை இருந்தது. பிற்கலப்பில் பிறந்த பெண்களில் பாதிக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் நீல வாலுடையவை. மீதிப் பாதிக்கு ஒன்று மட்டுமே. முன்னவையே தூய கால்வழிக்குத் தாயாகத் தக்கவை. ஆனால் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. எவ்வாறு பிரிப்பது?

மகன்களைக் கொண்டு தாயை அறிவதே வழி. பெண்களைத் தனித்தனிப் பானையில் இட்டு, ஒவ்வொன்றின் குட்டிகளையும் தனியே வளர்க்க வேண்டும். தாய் தூயவளாயின் மகன்கள் அனைவருக்கும் நீல வால். இல்லையேல் பாதிப் பேருக்கே. தூய்மையற்ற தாய்க்குத் தற்செயலாக ஆறு மகன்களும் நீல வாலோடு பிறக்கும் வாய்ப்பு 64-இல் ஒன்றுதான். எனவே ஆறு மகன்களாவது வளர்ந்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

நான்கு கன்னிமீன்களை அவற்றின் நீல வால் சகோதரர்களோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்று இறந்துவிட்டது. இரண்டாவதன் ஐந்து மகன்களில் இரண்டுக்கும், மூன்றாவதன் ஒன்பது மகன்களில் நான்குக்கும் நீல வால். நான்காவதற்கு ஏழு மகன்கள். ஏழுக்கும் நீல வால்! பார்வைக்கு மற்ற மூன்றிலிருந்து எவ்வகையிலும் வேறுபடாத அந்தச் சாம்பல் நிறப் பெண்ணே என் தொட்டியின் செல்வமாயிற்று.

வால் அகலத்தில் மட்டும் எந்த மகனும் முதல் தந்தைக்கு ஈடாகவில்லை. பல மரபணுப் பண்பு இரண்டு தலைமுறையில் மீளாது என்பதை அதுவும் நினைவூட்டியது.

உட்கலப்பின் எல்லை

பண்பை நிலைநிறுத்த நெருங்கிய உறவுக்குள் கலப்பது இன்றியமையாதது. ஆனால் அதற்கு விலை உண்டு. உடன்பிறந்தவற்றைக் கலந்தால் முதல் தலைமுறையில் உட்கலப்புக் கெழு 25 விழுக்காடு, அடுத்து 37.5, மூன்றாவதில் 50. மறைந்திருந்த தீய ஒடுங்கு மரபணுக்கள் இணை சேர்ந்து வெளிப்படத் தொடங்கும். முதுகெலும்பு வளைதல், குட்டிகளின் எண்ணிக்கை குறைதல், நோய்க்கு எளிதில் ஆளாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே ஒரே வகையில் இரண்டு கிளைகளைத் தனித்தனியே வளர்த்து, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை ஒரு கிளையின் பெண்ணை மற்றதன் ஆணோடு கலப்பது அறிவுடைமை. தொடங்க விரும்புவோர் கீழ்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. ஒரே ஒரு வகையை மட்டும் தேர்க. பத்து வகையை ஒரே தொட்டியில் இட்டால் ஒரே ஆண்டில் பத்தும் கெடும்.

2. பெற்றோர், குட்டி ஆண், குட்டிப் பெண், கழித்தவை என நான்கு கலங்களாவது வைத்துக்கொள்க.

3. மூன்று வாரத்தில் பால் பிரித்துவிடுக. ஒருநாள் தாமதமும் கன்னித்தன்மையை ஐயத்துக்கு இடமாக்கும்.

4. நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியசு வரை இருத்தல் நலம். சற்றே கடினமான நீரைக் கப்பி விரும்பும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுக. குழாய் நீரானால் குளோரின் நீங்க ஒருநாள் வைத்திருந்து பயன்படுத்துக.

5. கொசுப்புழு, ஆர்ட்டீமியாக் குஞ்சு போன்ற உயிருணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுக.

6. நோட்டுப் புத்தகம் ஒன்றில் தாய், தந்தை, ஈன்ற நாள், குட்டிகளின் எண்ணிக்கை, பண்பு ஆகியவற்றைத் தவறாது எழுதுக. எழுதாத கலப்பு நடக்காத கலப்புக்கு ஒப்பாகும்.

இயற்கையின் தெரிவு

மனிதன் செய்யும் இத்தெரிவை இயற்கை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. ஜான் எண்ட்லர் என்னும் அறிஞர் டிரினிடாட் ஓடைகளில் கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் மிகுந்த இடங்களில் ஆண்களின் புள்ளிகள் குறைவாகவும், அத்தகைய பகை குறைந்த மேட்டு ஓடைகளில் புள்ளிகள் மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். 1976-இல் பகை மிகுந்த இடத்து மீன்களைப் பகை குறைந்த ஓடையில் விட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அவற்றின் சந்ததியில் புள்ளிகள் பெருகியிருந்தன. ஆய்வு முடிவுகள் 1980-இல் வெளிவந்தன. பெண் மீன் பளிச்சிடும் ஆணை விரும்புகிறது. பகைமீனோ பளிச்சிடும் ஆணையே முதலில் தின்கிறது. இவ்விரண்டு விசைகளுக்கும் இடையே நிறம் நிற்கிறது.

நம் தொட்டியில் பகை இல்லை. ஆகவே நீந்தவும் திணறும் பெரிய வாலை நம்மால் வளர்க்க முடிகிறது. அம்மீனைக் காக்கும் பொறுப்பும் அதனால் நம்முடையதாகிறது. கழித்த மீன்களை ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவது பெருந்தவறு. கப்பி நம் மண்ணின் மீனன்று; அங்கு வாழும் நம் சிறு மீன்களின் உணவுக்கும் இடத்துக்கும் அது போட்டியாகும். அவற்றை வீட்டின் மூடிய நீர்த்தொட்டியில் கொசுப்புழு தின்ன விடலாம்.

முடிவுரை

சென்ற மாதம் அந்தச் சிறுவனின் வீட்டைத் தேடிச் சென்றேன். ஏழு மகன்களைப் பெற்ற அந்தத் தாயின் வழியில் பிறந்த கன்னிமீன்கள் மூன்றையும், நீல வாலுடைய ஆண் ஒன்றையும், கலப்பு விவரம் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. அவன் தாளைப் பார்க்காமல் மீனையே பார்த்தான். "பொம்பள மீனு எல்லாம் சாதாரணமா இருக்கேண்ணா" என்றான். அவனை அருகில் அமர்த்தி, எக்ஸ், ஒய் எனத் தரையில் கரியால் எழுதிக் காட்டினேன். என் வாழ்வில் நான் நடத்திய முதல் வகுப்பு அதுவே.

வெளியே தெரிவது மட்டுமே பண்பு அன்று. வெளியே காட்டாமல் சுமந்து வந்து அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பதும் பண்புதான். இதைப் பேராசிரியர் அவர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள்; கப்பி மீன் தொட்டியில் காட்டியது; என் அன்னை ஆட்டுத் தொழுவத்தில் நின்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார். மூவருக்கும் என் நன்றி உரியது.